கண்டக்டருக்கு இரண்டு விசில்

கண்டக்டரே,

இன்று காலை ஒரு காதுகுத்துக்காகக் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். வயசான ஆள் என்று பார்த்து ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் பின்னாலிருந்து விசில் சத்தம். இரண்டு ஊதல். அவ்வளவுதான், என் வலது கால் தானாகப் போய் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. கீழே ஆக்சிலேட்டர் இல்லை. பக்கத்து அம்மாளின் தக்காளிப் பை இருந்தது.

"ஐயே! இன்னாய்யா பெரியவரே, வீட்டுக்குப் போய் அரைக்கலாம்னு இருந்தேன். நீயே சட்னி பண்ணிட்டியே!"

முப்பது வருஷம் பஸ் ஓட்டின காலும்மா இது, விசில் கேட்டா என்னைக் கேக்காது என்றேன். "அப்ப அத கழட்டி வீட்ல வெச்சிட்டு வா" என்றாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்தத் தண்ணீரில் பாதி உன்னால் வந்தது. கூப்பிட்டாலும் கேளாத தூரத்துக்கு நீ போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் காலுக்கும் விசிலுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தொடர்பை எனக்குக் காட்டியவன் நீதானே. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் எழுதுகிற டிரிப் ஷீட்தான் பழக்கம். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

நாம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறியபோது எனக்குத் தலைநிறைய முடி இருந்தது. உனக்கு வாய்நிறையப் பேச்சு. திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் ஒரு நாளைக்கு எத்தனை நடை போனாலும் உன் வாய் ஓயாது. முன்னால் நான் ரோட்டைப் பார்ப்பேன், பின்னால் நீ ஜனத்தைப் பார்ப்பாய். ஒற்றை விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் கிளம்பு. நமக்குள் இருந்த சட்டதிட்டம் இவ்வளவுதான். வீட்டிலும்கூட நீ என்னை டிரைவரே என்பாய், நான் உன்னைக் கண்டக்டரே என்பேன். நம் மனைவிமாருக்கே நம் பெயர் மறந்துபோயிருக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள், செக்கிங் இன்ஸ்பெக்டரின் தொப்பியை ஆடு தின்ற கதையைச் சொன்னேன். அது எப்பேர்ப்பட்ட கதை! டீக்கடையே உருண்டது. நீ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாய். "இன்னா கண்டக்டரே, நல்லா இல்லியா?" என்றேன். "நல்லாத்தான் கீது" என்றாய். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது என் மடத்தனம். உனக்கு என்மேல் கோபம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எதற்குக் கோபம் என்று ராத்திரி பகலாக யோசித்தேன். கடைசியில் காரணத்தையும் கண்டுபிடித்தேன். என் மச்சான் கல்யாணப் பந்தியில் உன் இலைக்கு இரண்டாவது வடை வரவில்லை. அதைத்தான் மனசில் வைத்திருக்கிறாய்! ஒரு வடைக்கு இவ்வளவு ராங்கியா என்று எனக்கும் ரோஷம் வந்தது. பஸ் மொதலாளியிடம் போய் வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டேன். நாலு மாசம் உன் முகத்தில் முழிக்கவில்லை.

அந்த நாலு மாசத்தில் கேள்விப்பட்டதெல்லாம் கோணலாகவே இருந்தது. உன் டிரிப் ஷீட்டில் எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிவிட்டதாம். இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடி கேட்டாராம். கையில் டிக்கெட் கட்டே இல்லாதபோதும் உன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் டிக்கெட் கிழிக்கிற மாதிரி உரசிக்கொண்டே இருக்குமாம். தொழில் பக்தி என்று கிண்டல் செய்தார்கள். படியிலிருந்து இறங்கும்போது தடுமாறியதைப் பார்த்து, காலையிலேயே ஊத்திக்கிறான் என்றும் பேசினார்கள். நான் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

பிறகு ஒருநாள் உன் மனைவி பச்சையம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, உங்களுக்கும் அவருக்கும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லம்மா. அவன்தான் பேசல."

"என்கிட்டயும் பேசறதில்லண்ணா. சிரிப்பே இல்ல. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டா அப்படியே பாக்கறாரு. வேலைக்கும் போறதில்ல. மூலையில குந்திக்கினு கீறாரு. காத்து கருப்பு புடிச்சிருக்கும், மந்திரிக்கலாம்னு எங்கம்மா சொல்றாங்க."

போட்டது போட்டபடி ஓடிவந்தேன். நீ என்னைப் பார்த்ததும் எழுந்து வாசல்வரை வந்தாய். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். உன் பாதம் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன. மேலே உடம்பு முன்னால் வருகிறது, கால் வரவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்போதும் நான் வடையைத்தான் நினைத்தேன், பாவி! "வான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இவ்ளோ யோசனையா?" என்றேன்.

நீ உதட்டை அசைத்தாய். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"உள்ள சிரிச்சிக்கினுதான் கீறேன் டிரைவரே. வெளிய வரமாட்டேங்குது."

அப்படியே உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். நாலு மாசம் நான் கோபித்துக்கொண்டது உன்மேல் இல்லை, ஒரு நோவின்மேல் என்று அப்போதுதான் புரிந்தது.

வேலூரில் நரம்பு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன வயசுதான், ஆனால் கண்ணில் பொறுமை இருந்தது. உன்னை எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். இது நடுக்குவாதம் என்றார். முகத்துத் தசைக்கும் இதே கதிதான், அதனால்தான் சிரிப்பு வெளியே வரவில்லை என்றார். உன் டிரிப் ஷீட் இரண்டைக் கேட்டு வாங்கி, பழைய எழுத்தையும் புது எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"காலு நல்லா இருக்கு. நடக்கணும்ங்கற நினைப்பும் நல்லா இருக்கு. நடுவுல 'கிளம்பு'ன்னு சொல்ற இடம் மூளையில ஒண்ணு இருக்கு. அதுலதான் பழுது" என்றார்.

"அப்ப கண்டக்டர் இல்லாத வண்டின்னு சொல்லுங்க" என்றேன் நான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பச்சையம்மாளைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். "மூலையில உக்காந்திருக்காரே, அதுவும் இந்த நோயில ஒரு பாகம்தான்மா. சோம்பேறித்தனம் இல்ல, உங்க மேல கோபமும் இல்ல. மனசும் மூளையிலதானே இருக்கு? அதுக்கும் வைத்தியம் உண்டு." பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். அவளும் பல மாசமாக ஏதோ ஒரு வடையைத் தேடிக்கொண்டிருந்தவள்தான்.

அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த புது மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோமே, அங்கே நடந்ததுதான் கூத்து. நம் ஊர் வண்டிக்கு நாலடி தூரத்தில் உன் கால் ஒட்டிக்கொண்டது. நான் இழுக்கிறேன், பச்சையம்மாள் தள்ளுகிறாள், ஜனம் திட்டுகிறது. எனக்குக் கை ஓய்ந்து உன்னை விட்டேன். அந்த வண்டியின் கண்டக்டர் நம்மைப் பார்க்காமல் இரண்டு விசில் கொடுத்தான். நீ விறுவிறுவென்று நாலு எட்டு வைத்து, படியேறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்! வண்டியும் கிளம்பிவிட்டது. பச்சையம்மாளும் நானும் மாத்திரைப் பொட்டலமும் கீழே நிற்கிறோம்.

"அண்ணா, அவரு போயிட்டாருண்ணா!" என்று அவள் கத்துகிறாள். புருஷன் நடந்துவிட்டான் என்று சந்தோஷப்படுகிறாளா, விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று பதறுகிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டிரைவராகப் பிறந்த நான் ஒரு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடியது அன்று ஒருநாள்தான்.

அடுத்த முறை போனபோது உன் விசிலை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ ஒட்டிக்கொண்டு நின்றதும் இரண்டு ஊதல் ஊதினேன். நீ நடந்தாய். மூன்று நர்சுகள் ஓடிவந்து என்னைத் திட்டினார்கள். டாக்டரம்மா மட்டும் இன்னொரு தரம் ஊதச் சொன்னார். "தரையில கோடு போட்டா சில பேரு தாண்டி நடப்பாங்கன்னு தெரியும். தாளம் போட்டா நடக்கறவங்களும் உண்டு. விசிலுக்கு நடக்கற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றார். உள்ளேயிருந்து கிளம்புகிற பாதை ஒன்று, வெளிச் சத்தத்தைக் கேட்டுக் கிளம்புகிற பாதை வேறொன்று, முதல் பாதை அடைத்துக்கொண்டாலும் இரண்டாவது திறந்திருக்கலாம் என்று விளக்கினார். ஏரி உடைந்து ரோடு போனால் சுற்றுவழியில் போகிறோமே, அதுதானே என்றேன். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் எல்லாருக்கும் பலிக்காது, எத்தனை நாளைக்கு என்றும் தெரியாது என்றார். எந்த நேரத்தில் மாத்திரை, விசிலோடு எத்தனை எட்டு, விசில் இல்லாமல் எத்தனை எட்டு என்று தினமும் எழுதித் தரச் சொன்னார். அவருடைய ஆராய்ச்சிக்கு உதவுமாம். நாம் டிரிப் ஷீட்டிலேயே எழுதிக் கொடுத்தோம். புறப்பட்ட இடம் அடுப்படி, சேர்ந்த இடம் வாசல்!

மாத்திரையும் விசிலும் சேர்ந்ததில் நீ கொஞ்சம் கொஞ்சமாக மூலையை விட்டு வெளியே வந்தாய். கிண்டல்கூடத் திரும்பி வந்தது. முகம் மட்டும்தான் அப்படியே. உன் கட்டைவிரலைப் பார்த்து உன் சிரிப்பைக் கண்டுபிடிக்க நானும் பச்சையம்மாளும் பழகிக்கொண்டோம். உனக்குச் சந்தோஷம் வந்தால் விரல் ஜாஸ்தியாக டிக்கெட் கிழிக்கும்.

ஒருநாள் சொன்னாய்: "டிரைவரே, மலையைச் சுத்தணும்."

நான் திகைத்துப்போனேன். உண்மையைச் சொல்லப்போனால் நானும் சுற்றியதில்லை. தீபம் வந்தால் ஊரே சுற்றும், நாம் ஸ்பெஷல் வண்டியில் ஜனத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்போம். அப்புறம் சுற்றலாம், மலை எங்கே போகிறது என்று தள்ளிப்போட்டே வருஷம் ஓடிவிட்டது.

"மலை போவாது. என் காலு போயிடும்" என்றாய். "நடுவுல என்ன யாரும் தூக்கக் கூடாது. ஒரு தரம் முழுசா என் காலாலயே சுத்தணும். அப்புறம் எது நின்னாலும் பரவால்ல."

ஒரு புதன்கிழமை விடியலில், கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, பெரிய கோபுரத்திலிருந்து கிளம்பினோம். முன்னால் நீ, பின்னால் விசிலோடு நான், பக்கத்தில் புளிச்சோறும் தண்ணீரும் மாத்திரையுமாகப் பச்சையம்மாள். நீ ஒட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் இரண்டு விசில். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் போகும்போது ஒரு வெள்ளைக்காரர் கைகூப்பிக்கொண்டு நம் பின்னாலேயே வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? விசில் ஊதும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் கைஜாடையில் இது என்ன பூஜை என்று கேட்டார். "பஸ் பூஜை" என்றாள் பச்சையம்மாள். உன் விரல் ஒரு கட்டு டிக்கெட்டைக் கிழித்துத் தள்ளியது.

மலைக்குப் பின்பக்கத்து அடி அண்ணாமலை வரை குறையில்லை. அங்கேதான் என் வயிறு உனக்கு எமனாக வந்தது. பசி தாங்காமல் பெட்டிக்கடையில் ஒரு பொரி உருண்டை வாங்கி வாயில் போட்டேன். நீ ஒரு வளைவில் தயங்கினாய். வாயில் பொரியோடு ஊதினேன். ஒற்றை ஊதல்தான் வந்தது. வெல்லப்பாகு உள்ளே போய் விசிலுக்குள் உருளுகிற குண்டு ஒட்டிக்கொண்டது. அடுத்த ஊதலுக்கு வெறும் காற்று.

ஒற்றை விசில் என்றால் நிறுத்து. நீ எப்பேர்ப்பட்ட கண்டக்டர்! நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டாய்.

விசிலை உதறிப் பார்த்தேன், உறிஞ்சிப் பார்த்தேன், கழுவிப் பார்த்தேன். ம்ஹூம். கை தட்டினேன், ரைட் ரைட் என்று கத்தினேன். என் குரலுக்கு நீ எந்தக் காலத்தில் நகர்ந்தாய்? மாத்திரை வேகமும் கம்மியாகிக்கொண்டு வந்தது. பின்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி வந்து நின்றது. ஜனம் கூடிவிட்டது.

"ஐயோ பாவம், இழுப்பு வந்துட்ச்சி போல."

"வண்டியில தூக்கிப் போடுங்கப்பா, டவுன்ல எறக்கி விட்டுடறேன்" என்று வண்டிக்காரர் இறங்கி வந்து உன் தோளைப் பிடித்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் தூக்கினால் போயிற்று. அரை மலையோடு உன் ஆசை முடிந்தது, அதுவும் என் பொரி உருண்டையால்!

"தூக்காதீங்க! அவர யாரும் தொடாதீங்க!" பச்சையம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் நின்றாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

உன் உதடு அசைந்தது. காதைக் கொண்டுவந்தேன். "வழி வுடு" என்றாய்.

விலகினேன். உன் வயிறு உள்ளே போனது, நெஞ்சு மேலே ஏறியது. இரண்டு வருஷமாகக் கொசு மாதிரி இருந்த குரல், எங்கிருந்து வந்ததோ, வெடித்தது:

"போலாம்... ரைட்!"

மாடு இரண்டும் மிரண்டன. சைக்கிளோடு நின்ற ஓர் ஆள் தன்னையறியாமல் மிதித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். உன் இடது கால் தரையைவிட்டு எழும்பியது. அப்புறம் வலது. நீ நடந்தாய் கண்டக்டரே! உன் வண்டியை நீயே கிளப்பிக்கொண்டு நடந்தாய். அதற்குப் பிறகு ஒட்டும்போதெல்லாம் நம் பழைய ரூட்டின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகக் கூவினாய். "ரைஸ் மில்லு எறங்கு! ஏரிக்கரை எறங்கு! ஆலமரம் யாரு? போலாம் ரைட்!" கூடையோடு வந்த ஓர் அம்மாள் பஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்தாள்.

உச்சி வெயிலில் பெரிய கோபுரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். யாரும் உன்னைத் தூக்கவில்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் எறங்கு. வண்டி ஷெட்டுக்குப் போவுது" என்றாய். முகம் கல்லு மாதிரி இருந்தது. விரல் பறந்தது. "சிரிக்கிறியா?" என்றேன். "வுழுந்து வுழுந்து சிரிக்கிறேன்" என்றாய்.

அன்றைய டிரிப் ஷீட்டில், குறிப்பு என்ற கட்டத்தில் நான் எழுதினேன்: 'அடி அண்ணாமலையில் விசில் பழுது. காரணம் டிரைவர். கண்டக்டர் சொந்தக் குரலில் வண்டியைக் கிளப்பினார்.' டாக்டரம்மா அதை மூன்று தரம் படித்தார். சொந்தக் குரலும் அந்தச் சுற்றுவழியைத் திறக்கும் என்று எழுதிக்கொண்டார். உன்னைப்போல வருகிறவர்களையெல்லாம் உரக்கக் கூவச் சொல்லிப் பார்க்கப்போவதாகச் சொன்னார். ஷீட்டைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நீ தலையாட்டினாய்.

அதன் பிறகும் பல வருஷம் இருந்தாய். எண்பதுகளில் மாத்திரை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது, குரலும் திரும்ப உள்ளே போனது. ஆனால் மூலைக்கு மட்டும் நீ திரும்பவே இல்லை. வாசலருகே கட்டிலைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற ஆளையெல்லாம் விரலால் சிரித்து வழியனுப்பிக்கொண்டிருந்தாய். ஒரு மழைக்காலக் காய்ச்சலில், வலியில்லாமல் போய்விட்டாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தபோது, பச்சையம்மாள் திடீரென்று அழுகையை நிறுத்தினாள்.

"நில்லுங்க. அந்தப் படியில அவரு நிப்பாரு. அண்ணா, ஊதுங்கண்ணா."

சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தேன்.  இரண்டு ஊதல் ஊதினேன். நீ படி தாண்டிப் போனாய்.

அந்த விசில் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. யாராவது என் கதைக்குச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் இப்போதெல்லாம் நான் கோபித்துக்கொள்வதில்லை. கிட்டே போய்க் காதைக் கொடுக்கிறேன். எப்போதாவது மலையைச் சுற்றும்போது, அடி அண்ணாமலை வளைவில் பையிலிருந்து எடுத்து இரண்டு விசில் கொடுப்பேன். வாயில் பொரி இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் ஊதுகிறேன்.

ஒற்றை விசில் மட்டும் இன்றுவரை நான் ஊதவில்லை, கண்டக்டரே. நீ நின்றுவிடுவாய்.